டிஸ்னி டாலர் தாள்கள்: செலவழிப்பதா, விற்பதா, வைத்துக்கொள்வதா?

சேலம்_மணிமாறன்

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பா கலிபோர்னியாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அவருடைய பழைய போட்டோ ஆல்பத்துக்குள் ஒரு கவர் நிறைய டிஸ்னி டாலர் (டிஸ்னி கம்பெனி தன் பூங்காக்களில் செலவழிக்க அச்சடித்து விற்ற தாள்) இருந்தது. "நீதான் காசு சேர்க்கிறவன், வைத்துக்கொள்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். 1987 என்று அச்சிட்ட மிக்கி மவுஸ் 1 டாலர் தாள்கள் சில, அதே வருஷத்து கூஃபி 5 டாலர் ஒன்று, மின்னி படம் போட்ட 10 டாலர் ஒன்று, அப்புறம் 2005, 2007 என்று போட்ட தாள்கள் கொஞ்சம். நான் சேர்ப்பதெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா செம்புக் காசுகள், காகிதப் பணம் என் பக்கம் இல்லை.

அத்தை மகன் குடும்பம் அடுத்த வருஷம் கலிபோர்னியாவின் அனாஹைம் டிஸ்னிலேண்ட் போகிறது. அவர்களிடம் கொடுத்தால் அங்கே செல்லுமா? இல்லை, விற்றால் முகமதிப்புக்கு மேல் ஏதாவது கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை_ஆடிட்டர்

செல்லும் என்றால் செலவழித்துவிடுவதே நல்லது. ஒரு கம்பெனி அச்சடித்த கூப்பன் அது. வட்டி கிடையாது, விலைவாசிக்கு ஏற்ப ஏறுவதும் கிடையாது. 1987ல் 1 டாலருக்கு வாங்கியதை இன்று வாங்க ஏறக்குறைய இரண்டே முக்கால் டாலர் வேண்டும். அப்படியென்றால் அந்தத் தாள் ஆல்பத்துக்குள் இருந்தபடியே மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்துவிட்டது. இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

காசுப்பெட்டி_கோவை

மணிமாறன் தம்பி, அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கூப்பன் என்று ஒதுக்கிவிடுகிற சரக்கு இல்லை இது. பல வருஷமாக இந்தத் தாள்களைச் சேர்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிஸ்னி டாலர் முதலில் விற்பனைக்கு வந்தது 1987 மே 5, அனாஹைம் டிஸ்னிலேண்டில். அதே வருஷம் அக்டோபர் 2ல் புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கும் வந்தது. தொடக்கத்தில் இரண்டே தாள்கள்தான், 1 டாலருக்கு மிக்கி, 5 டாலருக்கு கூஃபி. மின்னி போட்ட 10 டாலர் 1980களின் கடைசியில் சேர்ந்தது. டிஸ்னிலேண்டின் ஐம்பதாவது ஆண்டான 2005ல் 50 டாலர் தாளும் அடித்தார்கள். 2007ல் கடற்கொள்ளையர் வரிசை வந்தது, உங்கள் 2007 தாள்களில் மண்டையோடும் கப்பலும் இருந்தால் அதுதான். நடுவில் சில வருஷம் எதுவுமே அடிக்கவில்லை. 2016 மே 14ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிறுத்தியது விற்பதை மட்டும்தான், ஏற்கெனவே வெளியே இருக்கிற தாள்களை வாங்கிக்கொள்வோம் என்றே அறிவித்தார்கள். ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: செல்லும்.

இப்போது தாளைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட அமெரிக்க டாலர் அளவு, அதே மாதிரி ஓரச் சித்திர வேலை, வரிசை எண். கருவூலக்காரர் என்று ஸ்குரூஜ் மெக்டக் கையெழுத்துப் போட்டிருப்பார், டொனால்டு வாத்தின் கஞ்சத்தனமான பணக்கார மாமா. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தாளின் மேல் பொடிப்பொடியாக மினுக்குத் துகள்கள் தெரியும். நகல் எடுத்தால் அந்த மினுக்கு வராது, அதற்காகவே தூவியது. இணையத்தில் வாங்குகிறவர்கள் நேராக எடுத்த படத்தை நம்பக் கூடாது, சாய்த்து எடுத்த படம் கேட்க வேண்டும். கேட்டும் தராதவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்து எண்ணின் முன்னால் இருக்கிற எழுத்து. ஏ (A) என்றால் அனாஹைம், டி (D) என்றால் டிஸ்னி வேர்ல்டு. டி‌ஸ்னி ஸ்டோர் கடைகளுக்காக அடித்த டி‌ (T) வரிசை ஒன்றும் உண்டு, ஆங்கிலத்தில் டீக்கடையின் டீ மாதிரி ஒலிக்கும் எழுத்து அது, டிஸ்னியின் முதலெழுத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சேர்க்கிறவர்கள் வருஷத்தையும் எழுத்தையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். ஒரே வருஷம், ஒரே படம், ஆனால் ஒரு எழுத்து சுலபமாகக் கிடைக்கும், மற்றது தேடினாலும் கிடைக்காது.

விலை எதைப் பொறுத்தது என்றால், முதலில் தாளின் நிலை. மடிப்பே இல்லாமல், மூலை கூர்மையாக, அச்சகத்திலிருந்து வந்தபடி இருந்தால் ஒரு விலை. நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். அப்புறம் சிறிய எண்கள், அச்சுப் பிழைகள், ஒரே எண்ணுள்ள ஏ, டி ஜோடிகள். படம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

உங்களிடம் இருப்பதில் 2005, 2007 சாதாரணமாகக் கிடைப்பவை. 1987 தாள்கள் மடிப்பு இல்லாமல் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஏ-வா டி-யா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நெல்லை_ஆடிட்டர்

வரலாறு சரி, நன்றி. ஆனால் இந்தத் திட்டத்தின் கணக்கைப் பார்த்தால் உங்களுக்கு இவ்வளவு மரியாதை வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஒருவர் 100 டாலர் கொடுத்து 100 டிஸ்னி டாலர் வாங்குகிறார். அந்த நிமிஷம் கம்பெனி கையில் ரொக்கம், புத்தகத்தில் அது கடன். அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, தவணைத் தேதி கிடையாது. அவர் தாளைக் கொண்டுவந்து ஒரு பனியன் வாங்கினால் கடன் அடைகிறது. ஆனால் அந்தப் பனியனின் அடக்க விலை என்ன, விற்கிற விலை என்ன? தன் கடனைத் தன் சரக்கால், தான் வைத்த விலையில் அடைக்கிறார்கள். அவர் தாளை ஞாபகத்துக்கு என்று ஊருக்கு எடுத்துப் போய்விட்டாலோ கடன் அடையவே வேண்டாம். ஒரு காகிதம் அச்சடித்த செலவு மட்டும்தான். மணிமாறனின் சித்தப்பா கவரில் இருப்பது அந்தக் கம்பெனிக்கு அவர் இத்தனை வருஷம் கொடுத்து வைத்த வட்டியில்லாக் கடன். அவ்வப்போது படத்தை மாற்றி மாற்றி அடித்ததே, மக்கள் செலவழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான்.

ஆர்லாண்டோ_அகிலா

அண்ணா, இதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். விற்பனையில் இருந்த காலத்தில் அந்தத் தாளைப் பூங்காவிலேயே கொடுத்து அசல் டாலராக மாற்றிக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்று, பிடித்தம் இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தி மாட்டிவைக்கவில்லை. வைத்துக்கொண்டவர்கள் விரும்பித்தான் வைத்துக்கொண்டார்கள்.

நான் இருப்பது புளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம். என் பெரிய பெண்ணுக்கு அப்போது கணக்கு சரியாக வராத வயசு. பூங்காவுக்குப் போகும் முன்பே அவள் கையில் டிஸ்னி டாலராகக் கொடுத்துவிடுவோம், அன்றைக்கு அவளுடைய செலவு அதற்குள்தான். ஐஸ்கிரீம் வாங்கினால் இவ்வளவு குறைகிறது, பலூன் வாங்கினால் பொம்மைக்கு மீதி இல்லை என்று தாளை எண்ணிப் பார்த்து அவளே முடிவு செய்வாள். சாயங்காலம் மிஞ்சிய ஒரே ஒரு மிக்கி தாளைச் செலவழிக்கவா வேண்டாமா என்று கடை வாசலில் நின்று யோசிப்பாள். இப்போது சின்னவளுக்கு கார்டு, கையில் கட்டுகிற பட்டை. தட்டினால் ஆச்சு. எவ்வளவு போனது என்று அவளுக்குத் தெரியாது, பல நேரம் எனக்கும் வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரிகிறது. மிச்சம் என்ற ஒன்றே அவள் கையில் இல்லை.

கம்பெனிக்கு லாபம் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. எங்களுக்கும் அதில் ஒன்று கிடைத்தது.

வெண்ணிலா_கேஎல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் ஒரு தாள் இருக்கிறது, தோழி கொடுத்தது. ஹாங்காங், தோக்கியோ பூங்காக்களில் இது செல்லுமா?

ஆர்லாண்டோ_அகிலா

இல்லை வெண்ணிலா. அமெரிக்காவில் இருக்கிற பூங்காக்களிலும் டிஸ்னி கப்பல்களிலும்தான். தோக்கியோ பூங்காவை நடத்துவதே வேறு ஒரு ஜப்பானியக் கம்பெனி.

பழையதாள்_ரவி

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு தனியார் கம்பெனி தன் பெயரில் டாலர் என்று அச்சடிக்க அமெரிக்கா எப்படி விட்டது என்பது எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்வி.

தனியார் தாள் அடிப்பதையே முழுதாகத் தடுக்கிற சட்டம் அங்கே இல்லை. 1862ல், உள்நாட்டுப் போர் நடந்தபோது, மக்கள் வெள்ளிக் காசைப் பதுக்கினார்கள், சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு சீட்டு அச்சடித்துச் சில்லறையாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்க, 1 டாலருக்குக் குறைந்த மதிப்பில் பணமாகப் புழங்குகிற சீட்டை யாரும் வெளியிடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தத் தடை இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. 1 டாலரும் அதற்கு மேலும் என்றால், அரசாங்கப் பணம் என்று ஏமாற்றாத வரை பிரச்சினை இல்லை. டிஸ்னி தாளின் முகப்பிலேயே மிக்கி இருக்கிறது, எங்கே செல்லும் என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கிறது. யார் ஏமாறப் போகிறார்கள்?

இதற்கு நேர் எதிராக, லிபர்ட்டி டாலர் என்று வெள்ளி நாணயம் அடித்து நாடு முழுக்கப் புழங்கவிட்டவரை 2011ல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அது பார்க்க அரசாங்க நாணயம் மாதிரியே இருந்தது, எந்தக் கடையிலும் கொடுத்து வாங்கச் சொன்னார்கள். ஒரு வேலிக்குள் மட்டும் செல்லுகிற தாளுக்கும் ஊர் முழுக்கச் செல்ல வேண்டும் என்று அடிக்கிற காசுக்கும் இருக்கிற வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

காசுப்பெட்டி_கோவை

ரவி சார், அருமையான தகவல். ஆடிட்டர் சாருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் கணக்கு சரிதான். ஒரு வரியில்கூட எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதே கணக்கைத்தான் நான் இந்தத் தாள்களை மதிப்பதற்குக் காரணமாகச் சொல்வேன். நம்முடைய ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், இவ்வளவு ரூபாய் தர உறுதியளிக்கிறேன் என்று ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டிருப்பார். நோட்டுக்கு உயிர் அந்த வாக்குறுதிதான். பொருட்காட்சியில் விற்கிற விளையாட்டு நோட்டில் அது கிடையாது, அதனால்தான் குழந்தைகள் இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டிஸ்னி டாலரில் கையெழுத்துப் போட்டது கார்ட்டூன் வாத்து. ஆனாலும் பின்னால் இருந்த வாக்குறுதி நிஜம். 1987ல் வாங்கிய தாளை இன்றைக்குக் கொண்டுபோய் நீட்டினாலும் அதே 1 டாலருக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள். வாக்குறுதி பொய்யாக இருந்திருந்தால் உங்கள் வட்டியில்லாக் கடனும் நடந்திருக்காது. இந்தத் தாள் எப்போது வேண்டுமானாலும் செல்லும் என்று நம்பியதால்தான் ஆட்கள் செலவழிக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

இதனால் சேர்க்கிற எங்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. தபால்தலையோ பழைய லாட்டரிச் சீட்டோ, சந்தை விழுந்தால் வெறும் காகிதம். டிஸ்னி டாலர் எவ்வளவு கசங்கினாலும் முகமதிப்புக்குக் கீழே போகாது, பூங்காவுக்குப் போகிற யாராவது ஒருவர் அந்த விலைக்கு வாங்கிக்கொள்வார். கீழே தரை இருக்கிறது, மேலே கூரை இல்லை. நினைவுப் பொருளில் இப்படி எத்தனை உண்டு?

2016ல் நிறுத்தியதில்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். இப்போது அதற்குப் பதிலாக இருக்கிற கிஃப்ட் கார்டிலும் கம்பெனிக்கு அதே கடன், அதே லாபம். அச்சுச் செலவு மட்டும் இல்லை, மினுக்குத் தூவ வேண்டாம், வரிசை எண் போட வேண்டாம். கணக்குப் பிள்ளையின் கண்ணுக்கு அது நல்ல முடிவு. ஆனால் காலியான பிளாஸ்டிக் கார்டை ஆல்பத்துக்குள் வைத்து முப்பது வருஷம் கழித்து அண்ணன் மகனிடம் யார் கொடுக்கப் போகிறார்கள்?

நெல்லை_ஆடிட்டர்

"கீழே தரை இருக்கிறது" என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தத் தரை வருஷா வருஷம் இறங்குகிறது என்பதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1987ல் டிஸ்னிலேண்டுக்குள் ஒரு நாள் போய்வர 20 டாலர் சொச்சம். இன்று கூட்டம் குறைந்த நாளிலேயே 100 டாலரைத் தாண்டுகிறது. அன்று நான்கு கூஃபி தாள் கொடுத்தால் ஏறக்குறைய உள்ளே போய்விடலாம். இன்று அதே நான்கு தாளில் ஒரு வேளை சாப்பாடு, அவ்வளவுதான். சேர்ப்பவர் இல்லாதவருக்கு இதை வைத்திருப்பது நஷ்டமே.

காசுப்பெட்டி_கோவை

சேர்ப்பவர் இல்லாதவருக்கு, சரி, ஒத்துக்கொள்கிறேன். மடிந்த 2005, 2007 தாளையெல்லாம் பிள்ளைகள் கையில் கொடுத்துச் செலவழிக்கச் சொல்லுங்கள் என்றுதான் நானும் சொல்ல வந்தேன். அந்தத் தாளுக்கு அதைவிட நல்ல முடிவு கிடையாது.

வெண்ணிலா_கேஎல்

இப்போது எந்தப் பூங்காவிலும் இந்த மாதிரி தாள் இல்லையா?

ஆர்லாண்டோ_அகிலா

இருக்கிறது. இங்கேயே ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காவில், ஹாரி பாட்டர் கதையை வைத்துக் கட்டிய டயகன் ஆலி பகுதியில், அந்தக் கதையில் வரும் வங்கியின் பெயரில் கிரிங்காட்ஸ் பணமாற்றுக் கடை உண்டு. 2014 ஜூலையில் அந்தப் பகுதி திறந்தது. அசல் டாலரைக் கொடுத்தால் 10, 20 என்று கிரிங்காட்ஸ் தாள் தருவார்கள், அந்தப் பூங்காக்களுக்குள் செலவழிக்கலாம். உயரமான மேஜைக்குப் பின்னால் ஒரு குட்டிச்சாத்தான் பொம்மை உட்கார்ந்திருக்கும், அதனிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்லும். பிள்ளைகள் வரிசையில் நிற்பதே அதனிடம் பேசத்தான்.

தாள் நீளமாக, அழகாக இருக்கும். ஆனால் என் பெண்கள் அதைச் செலவழித்து நான் பார்த்ததே இல்லை, வாங்கின உடனே பைக்குள் போய்விடுகிறது. டிஸ்னி டாலர் அப்படி இல்லை, நிஜமாகவே கைமாறும். அழுக்கும் சுருக்கமுமாகக் கல்லாவில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பழையதாள்_ரவி

காசுப்பெட்டி சார் சொன்ன "மடிப்பில்லாத தாள்" அபூர்வமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். எல்லாத் தாளும் நேராக ஆல்பத்துக்குப் போயிருந்தால் இன்று எதற்கும் விலை இருக்காது.

இன்னொன்று, மணிமாறன் கவனிக்க. விற்பதாக இருந்தால் எல்லாவற்றையும் பிஎம்ஜி மாதிரி தரம் போடுகிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு தாளுக்குத் தரம் போடுகிற கட்டணம், போகவர தபால், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் சாதாரணத் தாளின் விலையையே தாண்டிவிடும். நல்ல நிலையில் உள்ள 1987 தாளுக்கு மட்டும் யோசிக்கலாம். அதிலும் இங்கேயிருந்து அனுப்புவதைவிட அங்கே இருக்கிற சொந்தக்காரர் மூலம் அனுப்புவது மலிவு. நம்ம ஊர் வங்கியிலோ பணமாற்றுக் கடையிலோ இதை மாற்ற முடியாது, இது எந்த அரசாங்கத்தின் பணமும் இல்லை.

சேலம்_மணிமாறன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பார்த்துவிட்டேன். 2005, 2007 எல்லாம் நடுவில் மடிந்தவை, பர்ஸில் வைத்திருந்திருக்கிறார். மின்னி 10 டாலரில் ஒரு மூலை மழுங்கியிருக்கிறது. 1987 மிக்கி தாள்கள் எல்லாமே ஏ, அவற்றில் ஒன்றில் மடிப்பே இல்லை, சாய்த்துப் பார்த்தால் நீங்கள் சொன்ன மினுக்கு நன்றாகத் தெரிகிறது. கூஃபி 5 டாலரும் மடிப்பில்லாமல் இருக்கிறது, ஆனால் அதன் எழுத்து டி. அவர் இருந்தது கலிபோர்னியாவில், புளோரிடா தாள் எப்படி வந்தது?

காசுப்பெட்டி_கோவை

1987 டி கூஃபி, அதுவும் மடிப்பில்லாமல்! அதைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். புளோரிடாவில் விற்பனை தொடங்கியதே அந்த அக்டோபரில்தான். அந்தப் பக்கம் போய்வந்தவர் யாராவது கொடுத்திருக்கலாம், அவரே போயிருக்கலாம். சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மேசையைத் துடைத்துக் காய வையுங்கள், கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள், தாளின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கடையில் போட்டோவுக்கு விற்கிற மலிவு பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். பிவிசி சேர்ந்தது நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டும். மைலார் உறை என்று கேட்டு வாங்குங்கள், நாணயக் கண்காட்சிகளில் கிடைக்கும். லேமினேட் செய்தால் அதோடு முடிந்தது. மடிப்பை நீக்குகிறேன் என்று இஸ்திரிப் பெட்டி வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், சேர்க்கிறவர் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும், விலை இன்னும் இறங்கும்.

சேலம்_மணிமாறன்

சித்தப்பாவிடம் போனில் கேட்டுவிட்டேன். 87 கிறிஸ்துமஸ் சமயம் கம்பெனி வேலையாக ஆர்லாண்டோ போனாராம், ஒரு நாள் ஓய்வு கிடைத்ததில் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவுக்குள் போய்ச் சுற்றிவிட்டு வந்தாராம். அந்தத் தாளைத் திரும்ப மாற்றலாம் என்று வாசலில் சொன்னார்களாம், விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மடிப்பில்லாத மிக்கியும் கூஃபியும் என்னிடம் இருக்கட்டும். மற்றதை அத்தை மகனிடம் கொடுத்துவிடுகிறேன். அகிலா அக்கா, பூங்காவில் எங்கே கொடுத்தால் வாங்குவார்கள்?

ஆர்லாண்டோ_அகிலா

ரொக்கம் வாங்குகிற எந்தக் கல்லாவிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. போனில் ஆர்டர் செய்கிற சாப்பாட்டுக்கு ஆகாது, நேரில் நின்று கொடுக்க வேண்டும். கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்துக் கடையில் கொடுத்தால் நல்லது, இப்போது யாரும் கொண்டுவருவதில்லை என்பதால் வாங்குகிறவர் ஒருமுறை உள்ளே கேட்டுக்கொண்டு வாங்குவார். மீதிச் சில்லறை அசல் டாலராகவே கிடைக்கும். பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

நெல்லை_ஆடிட்டர்

அத்தை மகனுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள்: இரண்டு சின்னப் பொருள் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு 1 டாலர் தாளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். பெரிய பில்லில் மொத்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அசல் டாலரில் கட்டினால் ஒரே தடவையில் வேலை முடியும். அப்புறம், காசுப்பெட்டி சார், ஏ வரிசை 1987 மிக்கி நல்ல நிலையில் ஒன்று உங்களிடம் உபரியாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பேத்திக்கு ஒன்று எடுத்து வைக்க வேண்டும்.